கழுத்துத் தகடு

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
கோலாலம்பூர், 11.6.1978

அன்புள்ள மகதலேனா அக்காவுக்கு, தங்கை பெர்னடெட் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். நீயும் அத்தானும் சுகமா? உன் மாமனாருக்குக் கை கொஞ்சமாவது அசைகிறதா? பக்கவாதக்காரரை வைத்துக்கொண்டு நீ படும் பாடு தெரிந்தும் உன்னிடம் ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன்.

அத்தானோடு துறைமுகத்தில் வேலை செய்யும் சபாபதி போன வாரம் இந்தப் பக்கம் வந்தவர், உங்கள் ராணி குட்டி போட்டிருக்கிறாள் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அது மார்க்கிரட் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒன்பது வயதுப் பெண், தினமும் ஜெபத்தில் நாய்க்குட்டியைச் சேர்த்துக்கொள்கிறாள். அக்காள் எதைக் கேட்டாலும் தம்பி பேசிலுக்கும் அது வேண்டும். அவனுக்கு ஆறு முடிந்துவிட்டது, இன்னும் என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிகிறான்.

இவர் வேண்டாம் என்கிறார். கூட்ஸ் வண்டியில் கார்டாகப் போகிறவர், கெமாஸ், ஈப்போ என்று பாதி நாள் வீட்டில் இல்லை. பக்கத்துக் குவாட்டர்ஸ் இராஜம்மாவைக் கேட்டேன். "வாங்கு லா, நாய் இருந்தா நல்லதுதானே" என்றாள். எனக்கும் வாங்கலாம் என்றுதான் படுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

ரவிக்கையை எல்லாம் பிடித்துத் தைத்துவிட்டேன். என்னைக் குண்டம்மா என்பாயே, இப்போது வந்து பார்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
பெர்னடெட்

*

சேசு மரி சூசை துணை

கிள்ளான்
20.6.1978

அன்புத் தங்கைக்கு, அக்கா ஆசீர்வாதம். இங்கே சுகம் என்று எழுத வேண்டியதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். மாமாவுக்குக் கை அசையவில்லை, வாய் மட்டும் நன்றாக அசைகிறது.

உனக்கு என்ன பித்தா? செந்தூலில் தம்புசாமி வீட்டு நாய் ஒரு தடவை குரைத்ததற்கு ரம்புத்தான் மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் கத்தி, அப்பா லைன் ஷெட்டிலிருந்து ஏணி தூக்கி வந்தாரே, அந்தப் பெர்னடெட்டா நாய் கேட்கிறாள்? வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டு பிறகு குத்துகிறது குடைகிறது என்று எனக்கு எழுதாதே.

பிள்ளைகள் ஒரு வாரம் கொஞ்சும். அப்புறம் குளிப்பாட்டுவது யார்? கழிந்துவைத்தால் அள்ளுவது யார்? நீதான். வேண்டாம். கோழி வளர்க்கச் சொல், முட்டையாவது கிடைக்கும்.

அது இருக்கட்டும். உன் எழுத்து ஏன் சாய்ந்து சாய்ந்து போகிறது? படுத்துக்கொண்டா எழுதுகிறாய்? ஈஸ்டருக்கு வந்தபோது வயிற்று வலி என்றாயே, அது என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுது.

மாதா காவலாக,
மகதலேனா

*

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
9.7.1978

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சுகம். உங்கள் சுகமும் அதுவே ஆகுக.

வலி வரும், போகும். அதை விடு.

நாய் விஷயம் நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. கான்வென்ட் விட்டு மார்க்கிரட் மதியம் வருகிறாள். ஜனவரி பிறந்தால் பேசிலும் பள்ளிக்கூடம் போய்விடுவான். இரண்டும் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது அக்கா. வாசலில் ஏதாவது ஒரு உயிர் நிற்க வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டு, வந்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரி. எனக்கு அது போதும்.

நாய் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? பேசில் மீசை முளைக்கும் வரைக்கும் இருக்குமா? ராணியின் வயதைப் பார்த்து எழுது.

இன்னொன்று. மார்க்கிரட்டுக்குத் தமிழ் வாசிப்பு வரட்டும் என்று உன் கடிதங்களை அவளைத்தான் எனக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். பள்ளியில்தான் தமிழே இல்லையே. ரம்புத்தான் மரம் வந்ததும் இரண்டும் தரையில் விழுந்து சிரித்தன. ஆகவே அவள் வாசிப்பாள் என்பதை மனதில் வைத்து எழுது.

அன்புடன்,
பெர்னடெட்

*

கோலாலம்பூர் ஸ்டேஷன்
16.7.1978

மதிப்புக்குரிய அக்காவுக்கு, ரபேல் எழுதுவது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன். இப்படி எழுதியது பெர்னாவுக்குத் தெரியக் கூடாது. பதிலை ஸ்டேஷன் விலாசத்துக்கே போடுங்கள்.

மே மாதம் பெரியாஸ்பத்திரியில் பார்த்தோம். கர்ப்பப்பையில் புற்று. பரவிவிட்டது, கத்தி வைத்துப் பயனில்லை, கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வருடக் கடைசியைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, "அக்காகிட்ட சொல்லாதீங்க. அவங்க மாமனாரைப் போட்டுட்டு ஓடி வருவாங்க" என்றாள்.

சத்தியம் வாங்கினாள். அதைத்தான் இப்போது உடைக்கிறேன்.

நாய்க்குட்டி வேண்டும் என்கிறாள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பது உண்மைதான், ஆனால் அவர்களைவிட இவளுக்குத்தான் வெறி. எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்கிறாள், இதில் நாயா? அதோடு இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. பிள்ளைகள் சீக்கிரம் ஒரு சாவைப் பார்க்கப் போகிறார்கள். நாய்க்கும் ஏதாவது ஆகிவிட்டால் தாங்குமா? அவர்களுக்கு ஒன்று போதும் அக்கா.

உங்கள் சொல்லைத்தான் அவள் கேட்பாள். கண்டிப்பாக முடியாது என்று எழுதிவிடுங்கள்.

தங்கள் தம்பி,
ரபேல்

*

கிள்ளான்
25.7.1978

தம்பி ரபேலுக்கு. உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. மாமா சத்தம் போட்டார், நானும் சத்தம் போட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் முடியாது என்று என்னால் எழுத முடியாது. பிறந்ததிலிருந்து என் பழைய சட்டையைப் போட்டு, என் மிச்சத்தைத் தின்று வளர்ந்தவள். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒரு நாய்க்குட்டி கேட்கிறாள். குட்டியை நானே கொண்டுவருகிறேன். கோபப்படாதீர்கள்.

எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ள மாட்டேன். அவளுக்கு எழுதிய கடிதத்தை இதோடு தபாலில் சேர்க்கிறேன். அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

மகதலேனா

*

சேசு மரி சூசை துணை

கிள்ளான்
25.7.1978

அன்புத் தங்கைக்கும், கடிதம் வாசிக்கும் மார்க்கிரட் டீச்சருக்கும், அவள் பியூன் பேசிலுக்கும் ஆசீர்வாதம். நாங்கள் எல்லாரும் நல்ல சுகம்.

சரி, நீ ஜெயித்தாய். பரலோக மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வருகிறேன். மாமாவை அன்றைக்கு அத்தான் பார்த்துக்கொள்வார். கூடையில் ஒரு குட்டி இருக்கும். கரிக்கட்டை போல இருப்பான், அழகு பார்க்காதே, மற்றதுகளை மிதித்துவிட்டு முதலில் பால் குடிக்கிறவன் அவன்தான். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்குமாம். பேசில் மீசையை அது பார்க்கும்.

மார்க்கிரட், இதைச் சத்தமாக வாசி. முதலில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு தகடு கொடுப்பார்கள். அதைக் கழுத்துவாரில் மாட்டி, குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. போன மாதம் எங்கள் சந்துக்கு முனிசிபல் ஆட்கள், நாய் சுடுகிறவர்கள், லோரியில் வந்தார்கள். தகடு இல்லாததையெல்லாம் சுட்டு ஏற்றினார்கள். ராணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கிக்காரன் குனிந்து அவள் கழுத்தைப் பார்த்தான், தாண்டிப் போய்விட்டான். தகடு இருந்தால் எமனே வந்தாலும் தாண்டித்தான் போக வேண்டும். நான் எமனைச் சொன்னதை உங்கள் சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

முத்தங்களுடன்,
மகதலேனா

*

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
3.9.1978

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

குட்டிக்குக் கிச்சாப் என்று பெயர் வைத்தாயிற்று. சோயா கிச்சாப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் எது பாட்டில் என்று தெரியவில்லை, அத்தனை கறுப்பு. இவருடைய யூனிபார்ம் ஷூவில் ஒன்றைக் கடித்துவிட்டான். இவர் கத்தினார், ஆனால் போன திங்கட்கிழமை கெமாஸிலிருந்து வந்தவர் அவனுக்கு எலும்பு வாங்கி வந்திருந்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மதியம் கான்வென்ட் விடும் நேரம் அவனுக்குத் தெரிகிறது அக்கா. படியில் போய் நிற்கிறான். நான் கட்டிலில் இருந்தபடியே அவன் வாலை மட்டும் பார்க்கிறேன். வால் ஆடினால் பிள்ளை தெருமுனைக்கு வந்துவிட்டது.

தகடு மாட்டிய அன்று மார்க்கிரட் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, இது நம்ம உத்தரியம் மாதிரியா? கழுத்துல போட்டிருந்தா மாதா காப்பாத்துவாங்களே, அந்த மாதிரியா?" ஆமாம், அதே மாதிரிதான் என்றேன். உடனே கோவிலுக்கு ஓடித் தீர்த்தத் தொட்டியில் தகட்டை முக்கி எடுத்து வந்தாள்.

குட்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும் அக்கா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் உன்னைக் கிண்டல்காரியாகத்தான் எனக்குப் பிடிக்கும்.

வரும் வாரம் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் தங்க வேண்டுமாம். இந்தப் பகுதியை டீச்சர் பார்ப்பதற்குள் எழுதி மடித்துவிட்டேன்.

உன்,
பெர்னா

*

சேசு மரி சூசை துணை

கிள்ளான்
22.10.1978

அன்புத் தங்கைக்கு. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருப்பதாகச் சபாபதி சொல்கிறார். எழுத முடியாவிட்டால் டீச்சரை எழுதச் சொல், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

மாமா இந்த மாதம் அடிக்கடி காய்ச்சலில் விழுகிறார். அவரை விட்டு நகர முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழுவதை அத்தான் பார்த்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு யாரையாவது கூலிக்கு வைத்தாவது வருவேன்.

கிச்சாப் வளர்ந்துவிட்டானா? ஒன்று மறந்துவிட்டேன், ரபேலிடம் சொல். அந்தத் தகடு இந்த வருடத்துக்குத்தான். டிசம்பரோடு அது செல்லாது, வருடம் பிறந்ததும் புதிதாக எடுக்க வேண்டும்.

சாப்பிடு. கஞ்சியாவது குடி. என்னை விட்டுவிட்டு எங்கேயும் போகாதே.

மகதலேனா

*

பிரிக்பீல்ட்ஸ்
30.1.1979

மதிப்புக்குரிய அக்காவுக்கு. சுகம் விசாரித்து எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

அடக்கத்தன்று வீடு நிறையப் பேர் இருந்ததால் இதைச் சொல்ல முடியவில்லை. பெர்னா போன மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் சாமான்களை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மோதிரம், ஜெபமாலை, உத்தரியம். உத்தரியக் கயிற்றில் வேறு ஒன்றும் கட்டியிருந்தது. கிச்சாப்பின் லைசன்ஸ் தகடு.

நர்சு மலாய்க்காரப் பெண். அதைக் கழற்றப் போனபோதெல்லாம் பெர்னா கையால் பொத்திக்கொண்டாளாம். சாமி மெடல் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம்.

கிச்சாப் ஓடிப்போய்விட்டதாக உங்களிடம் சொன்னேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அது பொய். பெர்னா போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பள்ளிக்கூடம் திறந்த வாரம், எங்கள் சந்துக்கு நாய் சுடுகிறவர்கள் வந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில், நான் ஈப்போவில் இருந்தேன். கிச்சாப் படியில்தான் நின்றானாம். அவர்கள் குனிந்து கழுத்தைப் பார்த்தார்கள், வெறும் வார்தான் இருந்தது. இராஜம்மா கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் வரும் முன்பே படியைக் கழுவிவிட்டாள்.

கழுத்துவாரிலிருந்து தகடு எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் விளங்குகிறது. மார்க்கிரட்டிடம் நான் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? அவள் அழவும் இல்லை அக்கா. அடக்கத்திலும் அழவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னல்களையெல்லாம் சாத்துகிறாள்.

உங்களுக்குத்தான் அவள் எழுதுவாள். நீங்கள் ஒரு வரி போடுங்கள்.

ரபேல்

*

சேசு மரி சூசை துணை

கிள்ளான்
11.2.1979

என் கண்ணு மார்க்கிரட்டுக்குப் பெரியம்மா ஆயிரம் முத்தம். நீயும் தம்பியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? இராஜம்மா ஆன்டி சமைத்துக் கொடுப்பதை முகம் சுளிக்காமல் தின்னுங்கள்.

அப்பா எனக்கு எல்லாவற்றையும் எழுதினார். உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. எனக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லவே இல்லை. எமன் தாண்டிப் போவான் என்று எழுதியது நான்தான். பெரியவர்கள் வாயில் வந்ததை எழுதுவோம் கண்ணு, எல்லாம் அப்படியே நடக்காது. நாய் சுடுகிறவர்கள் மட்டும்தான் தகட்டைப் பார்ப்பார்கள்.

இன்னும் நிறைய எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நேரில் வந்து மடியில் வைத்துச் சொல்கிறேன்.

ராணி மறுபடி குட்டி போட்டிருக்கிறாள். ஒன்று பழுப்பு, காது இரண்டும் தொங்குகிறது. கொண்டுவரவா? இந்தத் தடவை அப்பாவும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். நீ முடிவு பண்ணி எழுது.

பெரியம்மா

*

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
25.2.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு மார்க்கிரட் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் பெரியப்பாவும் சுகமா? தாத்தா சுகமா? ராணி சுகமா?

கிச்சாப் ஓடிப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். படியில் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்னால் அது இல்லை. பேசிலிடம் நான் சொல்லவில்லை. அவன் இன்னும் படியில் தண்ணீர் வைக்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது தூங்கும் நேரம் பார்த்துத் தகட்டை அவர்கள் உத்தரியத்தில் கட்டினேன். அம்மா முழித்துக்கொண்டார்கள். கிச்சாப்புக்கு வேண்டாமா என்று கேட்டார்கள். அவனை வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு என் தலையில் கை வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு பேசில்தான் கதவைத் திறந்துவிட்டான். நாங்கள் திரும்பி வரும்போது கிச்சாப் படியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் சின்னப் பையன், அவனைத் திட்டாதீர்கள்.

எல்லாம் அப்படியே நடக்காது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் நடந்தது பெரியம்மா. டிசம்பர் முழுதும் அம்மா இருந்தார்கள். டாக்டர் வருடக் கடைசி என்று சொன்னாராம், அப்பா இராஜம்மா ஆன்டியிடம் சொல்லும்போது கேட்டேன். புது வருடத்துப் பூசைக்கு மணி அடிக்கும்போதுகூட அம்மா இருந்தார்கள். அப்புறம்தான் போனார்கள்.

நீங்கள் போட்ட ஒரு கடிதம் அலமாரிக்கு மேலே இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்ததாம். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நேற்றுத்தான் எடுத்து வாசித்தேன். தகடு டிசம்பரோடு செல்லாது என்று அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி உறையில் இருந்த தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். 1978 என்று போட்டிருக்கிறது. கட்டும்போது இருட்டாக இருந்தது, நான் பார்க்கவில்லை.

பழுப்புக் குட்டி வேண்டாம் பெரியம்மா. வேறு யாருக்காவது கொடுங்கள். அதற்குப் பதிலாக இந்த வருடத்துத் தகடு இரண்டு வாங்கி அனுப்புங்கள். ஒன்று அப்பாவுக்கு, கூட்ஸ் வண்டியில் இருட்டில் போகிறார். ஒன்று பேசிலுக்கு. தீர்த்தத்தில் நானே முக்கிக்கொள்வேன்.

எனக்கு வேண்டாம். நான் பள்ளி விட்டதும் நேராக வந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மார்க்கிரட்